‘நான்கு மேரிகள்’ பாட்டின் மூலம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பாட்டு? இதன் கதை என்ன?

ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகப் பாடப்பட்டுவந்த கதைப்பாடல்களில் ஒன்று ‘மேரி ஹாமில்டன்’. ‘நான்கு மேரிகள்’, ‘அரசியின் மேரி’ என்றும் இதற்குப் பெயருண்டு. ஸ்காட்லாந்து அரசியின் அந்தப்புரத்தில் பணிசெய்யும் மேரி ஹாமில்டன் என்ற இளம்பெண் அரச குடும்பத்து ஆண் ஒருவனால் கருவுறுகிறாள். பிறந்த குழந்தையை மடித்துணியில் கட்டிக் கடலில் எறிகிறாள். குழந்தையின் அழுகுரல் அரசியின் காதில் விழுந்துவிடுகிறது, விசாரணை நடக்கிறது, அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. தூக்குமரத்தின் கீழே நின்று அவள் சொல்லும் சொற்களே பாட்டின் உச்சம்: ‘நேற்றிரவு அரசிக்கு மேரிகள் நால்வர், இன்றிரவு மூவரே இருப்பர், மேரி சீட்டன், மேரி பீட்டன், மேரி கார்மைக்கேல், அவர்களோடு நான்.’

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை பத்துப் பகுதிகளாக வெளிவந்த தம் பெருந்தொகுப்பில் 305 கதைப்பாடல்களைத் திரட்டினார். (கடைசிப் பகுதி அச்சேறுவதற்கு முன்பே, 1896இல், அவர் இறந்துவிட்டார்.) அதில் 173ஆம் எண் பெற்றுள்ள இந்தப் பாட்டுக்கு மட்டும் 28 பாடங்கள், அதாவது ஒன்றுக்கொன்று வேறுபடும் வடிவங்கள், உள்ளன. ஒரு பாட்டின் மூலத்தைத் தேடும் வேலை எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இந்தப் பாட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு உண்மைச் சம்பவங்கள் உரிமை கோரி நிற்கின்றன. அவற்றுக்கிடையே 156 ஆண்டுகளும் ஒரு கடலும் இருக்கின்றன.

அரசிக்கு உண்மையிலேயே நான்கு மேரிகள் இருந்தார்களா?

இருந்தார்கள். 1548இல் ஐந்து வயதுச் சிறுமியாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டுடன், ஏறக்குறைய அதே வயதுடைய நான்கு பிரபுக்குலச் சிறுமிகள் தோழியராகச் சென்றனர். மேரி சீட்டன், மேரி பீட்டன், மேரி ஃபிளெமிங், மேரி லிவிங்ஸ்டன் என்பன அவர்களுடைய பெயர்கள். அவர்களுள் ஹாமில்டன் இல்லை, கார்மைக்கேலும் இல்லை.

அந்த நால்வரில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. லிவிங்ஸ்டன் 1565இல் ஜான் செம்பிலையும், பீட்டன் 1566இல் அலெக்சாண்டர் ஓகில்வியையும், ஃபிளெமிங் 1567இல் அரசியின் செயலரான வில்லியம் மெயிட்லாண்டையும் மணந்தனர். மணமே செய்துகொள்ளாத சீட்டன், இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த அரசியுடன் நெடுங்காலம் இருந்துவிட்டு, இறுதியில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரக் கன்னியர் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

நான்கு பெயர்களில் சீட்டனும் பீட்டனும் மட்டும் பெரும்பாலான பாடங்களில் நிலைத்து நிற்க, மற்ற இரண்டும் நழுவிப்போனது ஏன்? ‘சீட்டன், பீட்டன்’ என்று இரண்டும் எதுகையாக ஒலிப்பதே காரணம் என்பது என் கருத்து. வாய்மொழி மரபில் எந்தப் பெயர் நிலைக்கும், எந்தப் பெயர் உதிரும் என்பதை ஓசையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகையால் பாட்டில் வரும் பெயர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மூலத்தைத் தேடப் புறப்படுவது ஆபத்தானது. இந்தப் பாட்டின் ஆய்வு வரலாறே அதற்குச் சான்று.

அப்படியானால் தூக்கிலிடப்பட்ட பெண் யார்?

மதச் சீர்திருத்தத் தலைவரும் அரசியைக் கடுமையாக எதிர்த்தவருமான ஜான் நாக்ஸ், தாம் எழுதிய வரலாற்றில் 1563ஆம் ஆண்டு இறுதியில் நடந்த ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறார். அரசியின் அறையில் பணிசெய்த பிரெஞ்சுப் பெண் ஒருத்தி, அரசியின் மருந்தாளரோடு உறவுகொண்டு குழந்தை பெற்றாள். இருவரும் சேர்ந்து அதைக் கொன்றனர். ஆனாலும் பச்சிளங்குழந்தையின் அழுகுரல் கேட்டுவிட்டது. தேடினார்கள், பிடிபட்டார்கள், எடின்பரோ நகரத்துப் பொதுத்தெருவில் இருவரும் தூக்கிலிடப்படத் தீர்ப்பாயிற்று.

நாக்ஸ் அரண்மனையின் பகைவர் என்பதால் அவருடைய சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. எடின்பரோவில் இருந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ராண்டால்ஃப், அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் அமைச்சர் வில்லியம் செசிலுக்கு எழுதிய கடிதங்களிலும் இச்செய்தி உண்டு. மருந்தாளர் தம் குற்றத்தை மருந்தால் மறைக்க முயன்றதில் குழந்தை இறந்துபோனது என்கிறார் அவர்.

இப்போது, சார்லஸ் கிர்க்பாட்ரிக் ஷார்ப் என்பவர் 1820களில் வெளியிட்ட பாடத்தை அருகில் வைத்துப் பாருங்கள். தலைமுடியைப் பொற்குஞ்சங்களால் கட்டியபடி இறங்கிவரும் அரசி, ‘மேரி, அவ்வளவு வேதனையாக அழுததே, அந்த அழகிய குழந்தை எங்கே?’ என்று கேட்கிறாள். ‘என் அறையில் குழந்தை ஏதும் இல்லை, என் விலாவில் வந்த வலிதான் அது’ என்று மேரி மழுப்புகிறாள். அழுகுரல்தான் காட்டிக்கொடுத்தது என்ற செய்தி நாக்ஸிடமும் பாட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. வேறொரு பாடத்தில், தன் காதலன் ஒரு மருந்தாளன் என்றும், கருவைக் கலைக்கப் பல மருந்துகள் கொடுத்தான் என்றும் மேரியே சொல்கிறாள். அரசனோ இளவரசனோ வரவேண்டிய இடத்தில் ஒரு மருந்தாளனைக் கற்பனையாகக் கொண்டுவந்து நிறுத்த எந்தப் பாடகருக்கும் காரணம் இல்லை. உயர்ந்தவனைத் தாழ்த்துவது வாய்மொழிப் பாட்டின் வழக்கமல்ல, தாழ்ந்தவனை உயர்த்துவதே அதன் வழக்கம். அதனால்தான் எல்லாப் பாடபேதங்களிலும் இந்த ஒரு வரியை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின் ரஷ்யா எங்கிருந்து வந்தது?

பெயரிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து ரஷ்யாவுக்குக் குடிபெயர்ந்த ஹாமில்டன் குடும்பத்தின் வழிவந்த மரியா ஹாமில்டன் என்ற பெண், மாமன்னர் பீட்டரின் மனைவி கேத்தரினுக்குத் தோழியாக இருந்தார். பீட்டரின் மெய்ப்பணியாளரான இவான் ஓர்லோவ் அவருடைய காதலர். பீட்டரோடும் மரியாவுக்கு உறவிருந்ததாகப் பேசப்பட்டது. குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக 1719 மார்ச் 14 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது.

பொருத்தங்கள் வியக்கவைப்பவை. பெயர் அதுவே, பதவி அதுவே, குற்றமும் அதுவே. கொலைக்களத்துக்கு அவர் கறுப்பு நாடாக்கள் வைத்த வெண்பட்டு உடை அணிந்து வந்தார் என்று பதிவாகியிருக்கிறது. பாட்டின் மேரியும், ‘கறுப்பும் உடுத்தமாட்டேன், பழுப்பும் உடுத்தமாட்டேன், எடின்பரோ நகரெங்கும் ஒளிவீச வெள்ளையே உடுத்துவேன்’ என்கிறாள். இந்த ஒப்புமையை முதலில் எடுத்துக்காட்டியவர் மேலே சொன்ன ஷார்ப். 1889இல் இந்தப் பாட்டைப் பதிப்பித்தபோது சைல்டும் ரஷ்யச் சம்பவமே மூலம் என்ற பக்கம் சாய்ந்தார்.

சைல்டு ஏன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறிஞர் ஆண்ட்ரூ லாங் 1895இல் எழுதிய கட்டுரையே காரணம். அவருடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1719இல் நடந்தது மூலம் என்றால், அதற்குப் பிறகுதான் யாரோ இதைப் பாட்டாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டியவர் ரஷ்யாவையும் பீட்டரையும் முற்றிலும் அழித்துவிட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய எடின்பரோவுக்குக் கதையை நகர்த்தியிருக்க வேண்டும். அது நாடெங்கும் பரவிப் பல பாடங்களாகக் கிளைத்திருக்க வேண்டும். அதுவும் பழைய கதைப்பாடல் நடையில் புதிய பாட்டுகள் பிறப்பது ஏறத்தாழ நின்றுவிட்ட ஒரு காலத்தில். அதைவிட, 1563இல் எடின்பரோவில் நடந்தது எடின்பரோவிலேயே பாட்டாயிற்று என்பது எளிது. சைல்டு இந்த வாதத்தை ஏற்று, தம் தொகுப்பின் இறுதிப் பகுதியில் முந்தைய கருத்தைத் திருத்திக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் துறையில் உழைத்த ஒருவர், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், அச்சில் வந்துவிட்ட முடிவை அச்சிலேயே மாற்றிக்கொண்டதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

லாங்குக்குத் துணைநிற்கும் இன்னொரு செய்தியும் நாக்ஸிடமே கிடைக்கிறது. ‘மேரிகளுக்கும் அரண்மனையின் மற்ற நடனக்காரர்களுக்கும் இருந்த பெயர் எப்படிப்பட்டது என்பதற்கு அக்காலப் பாட்டுகளே சாட்சி’ என்ற பொருளில் அவர் எழுதுகிறார். அந்தப் பாட்டுகளை அவர் எடுத்தெழுதவில்லை. நாகரிகம் கருதி விட்டுவிடுவதாகச் சொல்கிறார். ஆனாலும் அரசியின் மேரிகளைப் பற்றி அந்தக் காலத்திலேயே தெருவில் பாட்டுகள் உலவின என்பது இதனால் உறுதியாகிறது.

‘எல்லா ஸ்டூவர்ட்டுகளிலும் உயர்ந்தவன்’ என்று பாட்டு சொல்வது யாரை?

அரசி மேரியின் இரண்டாம் கணவரான டார்ன்லி பிரபு ஹென்றி ஸ்டூவர்ட்டை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவர் ஸ்காட்லாந்துக்கு வந்ததோ 1565 பிப்ரவரியில். பிரெஞ்சுப் பெண் தூக்கிலிடப்பட்டு ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. ஆக, பாட்டு இரண்டு வேறு காலத்துப் பழிச்சொற்களை ஒன்றாக முடிச்சிட்டிருக்கிறது.

இதுபோன்ற காலப்பிழைகள் இன்னும் உண்டு. ஷார்ப்பின் பாடம் அரசியைக் ‘கிழ அரசி’ என்கிறது. 1563 டிசம்பரில் மேரி ஸ்டூவர்ட்டுக்கு வயது 21தான். அதே பாடத்தில் மேரி ‘பாராளுமன்றப் படிக்கட்டில்’ ஏறும்போது அவளுடைய செருப்பின் குதி கழன்று விழுகிறது. எடின்பரோவின் பாராளுமன்றக் கட்டடமோ 1630களில் கட்டப்பட்டது. இத்தகைய பிழைகள் பாட்டின் பிறப்பை மறுக்கும் சான்றுகள் ஆகமாட்டா. அந்தக் கண்ணியை (பாட்டின் நான்கடிப் பகுதியை) கடைசியாகத் தொட்ட பாடகர் எந்த நகரத்தைக் கண்முன் வைத்துப் பாடினார் என்பதையே அவை சொல்கின்றன.

அயல்நாட்டில் சாவதாக வரும் கண்ணிகள் ரஷ்யாவைத்தானே குறிக்கின்றன?

ரஷ்யக் கருத்துக்கு இருக்கும் வலுவான பிடிமானம் இதுவே. ஆகவே நின்று கவனிக்க வேண்டும். தூக்குமரத்தின் கீழ் மேரி மாலுமிகளை அழைத்து, தான் சாகப்போவதைத் தன் தாய்தந்தையரிடம் சொல்லவேண்டாம், தான் வீடு திரும்பிக்கொண்டிருப்பதாகவே அவர்கள் எண்ணட்டும் என்று வேண்டுகிறாள். ‘என்னைத் தொட்டிலிட்ட அன்று, எந்தெந்த நாடுகளில் நான் அலைவேன், எப்படிப்பட்ட சாவு சாவேன் என்று என் தாய் நினைத்திருப்பாளா?’ என்று புலம்புகிறாள். எடின்பரோவில் பிறந்து எடின்பரோவில் சாகும் ஒரு பெண்ணுக்கு மாலுமிகளும் கடலும் எதற்கு என்பது நியாயமான கேள்வி.

ஆனால் நாக்ஸும் ராண்டால்ஃபும் சொல்லும் பெண் பிரெஞ்சுக்காரி. அவளுடைய தாய்தந்தையரும் கடலுக்கு அப்பால்தான் இருந்திருப்பார்கள். கடல் தாண்டி வந்து, மொழி வேறான ஊரில், குளிர்காலத் தெருவில் தூக்கிலிடப்பட்ட அவளுக்கு அந்தக் கண்ணிகள் ரஷ்யாவின் மரியாவுக்குப் பொருந்துவதைவிடக் குறைவாகப் பொருந்தவில்லை. அதோடு, தொட்டில் கண்ணி இந்தப் பாட்டுக்கே உரியதும் அன்று. சாவை எதிர்நோக்கி விடைபெறும் எந்தப் பாட்டிலும் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடிய பொதுக்கண்ணி அது. பொதுக்கண்ணியை வைத்துத் தனிமூலம் காண முடியாது.

இந்தப் பாட்டுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று எது?

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1790 ஜனவரி 25 அன்று தம் தோழியான டன்லப் அம்மையாருக்கு எழுதிய கடிதம். இந்தியா நோக்கிச் சென்ற அரோரா என்ற கப்பலோடு கடலில் காணாமற்போன வில்லியம் ஃபால்கனர் என்ற கவிஞரைப் பற்றி எழுதிவரும்போது, பழைய ஸ்காட்லாந்துப் பாட்டொன்றின் கண்ணி தம் நினைவுக்கு வருவதாகச் சொல்லி, மேலே குறித்த தொட்டில் கண்ணியை எழுதுகிறார். 1790க்கு முன்பே பாட்டு ‘பழையது’ ஆகிவிட்டது என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. அது பொதுக்கண்ணி என்பதால், முழுப் பாட்டையும் அதன்மேல் ஏற்றிவைப்பதற்கு எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முழுக்கதையும் அச்சில் வந்தது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1802இல் வெளியிட்ட, ஸ்காட்லாந்து–இங்கிலாந்து எல்லைப்புறப் பாட்டுத் தொகுப்பில்தான். நாக்ஸின் பகுதியை இந்தப் பாட்டோடு இணைத்துக் காட்டியதும் ஸ்காட்டே. அதற்குப்பின் ஷார்ப், வில்லியம் மதர்வெல் முதலியோர் திரட்டிய பாடங்கள் சேர்ந்தன. சம்பவத்துக்கும் முதல் அச்சுக்கும் இடையே 239 ஆண்டுகள் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஸ்காட் அச்சிட்டது மக்கள் பாடியபடியே உள்ளதா?

இல்லை. பல பாடங்களிலிருந்து நல்ல கண்ணிகளைப் பொறுக்கி, ஒன்றாகக் கோத்து, வேண்டிய இடத்தில் திருத்தி வெளியிடுவது ஸ்காட்டின் வழக்கம். அக்காலப் பதிப்பாசிரியர் பலரும் அப்படியே செய்தனர். எழுத்தாளர் ஜேம்ஸ் ஹாக்கின் தாயார் மார்கரெட் லெய்ட்லா ஸ்காட்டிடம், அந்தப் பாட்டுகள் பாடுவதற்கென்று உண்டானவை, படிப்பதற்கல்ல என்றும், அச்சிட்டதால் அவற்றை நீர் கெடுத்துவிட்டீர் என்றும் முகத்துக்கு நேரே சொன்னது புகழ்பெற்ற செய்தி. மூலத்தைத் தேடுபவர் ஸ்காட்டின் பாடத்தில் தொடங்கக் கூடாது; கலப்பில்லாத பாடங்களைத் தனித்தனியே படித்த பிறகே அதற்கு வர வேண்டும்.

மெட்டைக் கொண்டு காலத்தைக் கணிக்க முடியுமா?

முடியாது. நான்கடிக் கண்ணியும், இரண்டாம் நான்காம் அடிகளின் இறுதி இயைபும் நூற்றுக்கணக்கான கதைப்பாடல்களுக்குப் பொதுவானவை. ஒரு பாட்டின் மெட்டை இன்னொன்றுக்கு அப்படியே போட்டுப் பாடலாம், பாடியும் வந்தார்கள்.

இன்று பாடப்படும் வடிவத்தில் கதை ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?

பாடகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது சம்பவத்தைவிட அதன் வேதனையை. அபெர்டீனைச் சேர்ந்த மாபெரும் நாட்டார் பாடகி ஜீனி ராபர்ட்சன் (1908–1975) உள்ளிட்டோர் வழியாக ‘நான்கு மேரிகள்’ என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டில் பரவிய வடிவம், ஏறக்குறைய முழுவதும் மேரியின் புலம்பலே. கருவுற்றது, கொன்றது, விசாரித்தது எல்லாம் தேய்ந்து, தொட்டிலும் தூக்கும் நான்கு பெயர்களும் எஞ்சியிருக்கின்றன. மூலத்தைத் தேடுபவருக்கு இது இழப்பு. பாட்டைக் கேட்பவருக்கு இழப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் முடிவாக எது மூலம்?

என் முடிவு 1563தான். ஆனால் ஒரு திருத்தத்தோடு. ‘இந்தப் பாட்டின் மூலம் எது’ என்று மொத்தமாகக் கேட்பதைவிட, ‘இந்தக் கண்ணியின் மூலம் எது’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பதே சரி. அழுகுரலும் மருந்தாளனும் 1563இலிருந்து வந்தவை. உயர்ந்த ஸ்டூவர்ட், 1565க்குப் பின் டார்ன்லியைச் சுற்றி எழுந்த பேச்சிலிருந்து வந்தவன். தொட்டில் கண்ணி பொதுச்சொத்து. ஹாமில்டன் என்ற பெயர் 1719க்குப் பின், ரஷ்யச் செய்தி ஸ்காட்லாந்தை எட்டியபோது பழைய பாட்டில் வந்து ஒட்டியிருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது. ஏனெனில் சில பாடங்களில் அவள் ஹாமில்டன் அல்லள், வெறும் ‘மேரி மைல்டு’. தந்தை பெயரும் இப்படித்தான்: ஒரு பாடத்தில் அவள் யார்க் கோமகனின் மகள், இன்னொன்றில் ஆர்கைல் கோமகனின் மகள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. நாக்ஸ் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை, ராண்டால்ஃபும் எழுதவில்லை. நால்வரில் ஒருத்தியாகவும் இல்லாத அவளுக்குப் பாட்டு ஒரு மேரியின் இடத்தைக் கொடுத்தது. பின்னர் வேறொருத்தியின் குடும்பப் பெயரையும் கொடுத்தது. அவளுடைய சொந்தப் பெயர் அதில் எங்கும் இல்லை.

வேறொரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலின் மூலத்தை நானே தேட விரும்பினால் எங்கே தொடங்குவது?

முதலில் அதன் சைல்டு எண்ணையும் ரவுடு எண்ணையும் கண்டுபிடியுங்கள். நூலகரான ஸ்டீவ் ரவுடு உருவாக்கிய பாட்டு அட்டவணை, லண்டனிலுள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் வழியாக இணையத்தில் கிடைக்கிறது. ‘மேரி ஹாமில்ட’னின் எண் அதில் 79. ஒரே பாட்டு பல தலைப்புகளில் உலவுவதால், எண் இல்லாமல் தேடினால் பாதி தவறிப்போகும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்லாந்தியப் பண்பாட்டு ஆய்வுப் பள்ளியின் ஒலிப்பதிவுகளையும் கேளுங்கள். பிறகு எல்லாப் பாடங்களையும் கண்ணி கண்ணியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பொதுக்கண்ணிகளை நீக்கிவிட்டு, எஞ்சுவதை மட்டும் வரலாற்றோடு ஒப்பிடுங்கள். வரலாற்றை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்கு வந்தால், விரும்பியதெல்லாம் பாட்டில் தெரியத் தொடங்கிவிடும்.

பாட்டில் வரும் இடங்களை இன்றும் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அரசி வாழ்ந்த ஹோலிரூட் அரண்மனை எடின்பரோவின் தாழ்ந்த முனையில் இருக்கிறது. அங்கிருந்து கேனன்கேட் தெரு மேடாக ஏறி, செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தை நோக்கிச் செல்கிறது. தேவாலயத்தை ஒட்டியிருந்த டோல்பூத் சிறை 1817இல் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தைத் தெருவில் இதய வடிவில் பதித்த கற்கள் காட்டுகின்றன. கேனன்கேட்டிலும் ஒரு டோல்பூத் இன்றும் நிற்கிறது. ஆனால் அது 1591இல் கட்டப்பட்டது, 1563இல் இல்லை.

ஷார்ப்பின் பாடத்தில் மேரி கேனன்கேட்டில் மேலேறும்போது மூன்று முறை உரக்கச் சிரிக்கிறாள். இறங்கி வரும்போது கண்ணீர் அவள் கண்களை மறைக்கிறது. அரண்மனையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போவது ஏற்றம், திரும்பி வருவது இறக்கம். இந்தக் கண்ணியை முதலில் கட்டியவர் அந்தத் தெருவில் நடந்தவர்.